குறும்படமும் கதைசொல்லும் கல்வியும்

கதை சொல்லக் கற்பதற்குக் கதை சொல்லிப் பார்ப்பதைவிடச் சிறந்த வழி வேறில்லை என்பது எழுத்துலகில் எவரும் மறுக்காத விஷயம். சிறுகதை எழுத விரும்பும் இளைஞன் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். எழுதியது மனத்துக்குப் பிடிக்காவிட்டால் கிழித்துப் போட்டுவிட்டு மறுநாள் வேறொன்றைத் தொடங்கலாம். காட்சிகளால் கதை சொல்ல விரும்பியவனுக்கோ இந்தச் சுதந்திரம் நெடுங்காலம் கிட்டவில்லை. ஒரு நிமிஷம் ஓடும் காட்சிக்கு 35 மில்லிமீட்டர் பிலிம் 90 அடி செலவாயிற்று. ஆயிரம் அடிச் சுருள் ஒன்று பதினோரு நிமிஷத்தில் தீர்ந்துபோயிற்று. பிலிமின் விலையோடு அதைக் கழுவும் கூலி, பிரதி எடுக்கும் கூலி, காமிரா வாடகை, விளக்கு வாடகை எல்லாம் சேர்ந்துகொண்டன. ஆகையால், சினிமாவில் கதை சொல்லக் கற்பது என்றால், ஓர் இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்ந்து, கிளாப் அடித்து, கன்டினியூட்டி எழுதி, நடிகருக்கு வசனம் படித்துக் காட்டி, தன் முறை வரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது என்பதே கோடம்பாக்கத்தில் பொருளாக இருந்தது.

இன்று அந்நிலைமை அடியோடு மாறிவிட்டது. சட்டைப்பையில் கிடக்கும் கைபேசியே காமிராவாகிறது. வீட்டுக் கணிப்பொறியே படத்தொகுப்பு மேஜையாகிறது. கல்லூரி மாணவரும், அலுவலகத்தில் பணிபுரிவோரும், பள்ளிப் பிள்ளைகளுங்கூட ஐந்து நிமிஷமோ இருபது நிமிஷமோ ஓடும் படங்களை எடுக்கின்றனர். ஆயினும், எடுப்போர் எல்லோரும் கதை சொல்லக் கற்றுவிடுகின்றனரா? குறும்படம் எடுப்பது உண்மையாகவே கதைக்கலையைக் கற்பிக்கிறது என்றால், அக்கலையின் எந்த அம்சத்தை, எந்த முறையில், எந்த எல்லைவரை கற்பிக்கிறது? இக்கேள்வியைச் சினிமாவின் சரித்திரத்தைக் கொண்டும், பயிற்சிக்கூடங்களின் அனுபவத்தைக் கொண்டும், கற்பவன் கடந்துவரும் படிகளைக் கொண்டும் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நம் அபிப்பிராயத்தை முதலிலேயே கூறிவிடலாம்: தொடங்கிய கதையை முடிக்கவும், முடித்ததை அயலார் முன் வைக்கவும், அவர்கள் முகத்தில் அதன் குறையைக் காணவும், கண்டவுடன் அடுத்ததைத் தொடங்கவும் இடங்கொடுப்பதனாலேயே குறும்படம் ஆசிரியன் ஆகிறது. இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் அதன் கல்விப் பயன் பெரிதும் குறைந்துவிடுகிறது.

சினிமா தானே கற்ற பாடம்

சினிமா என்னும் கலையே குறும்படங்களின் வாயிலாகத்தான் கதை சொல்லக் கற்றது. 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி பாரீஸ் நகரத்து கிராண்ட் கபேயில் லூமியேர் சகோதரர் கட்டணம் பெற்றுத் திரையிட்ட பத்துப் படங்களில் பெரும்பாலானவை, தொழிற்சாலையை விட்டு வெளியேறும் தொழிலாளர், குழந்தைக்கு உணவூட்டும் பெற்றோர் என்று, கண்ணெதிரே நிகழ்வதை அப்படியே பதிந்தவை. ஒன்றுமட்டும் வேறு வகையைச் சேர்ந்தது. தோட்டக்காரர் ஒருவர் ரப்பர்க் குழாயால் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார்; அவருக்குப் பின்னே வரும் சிறுவன் குழாயை மிதிக்கிறான்; தண்ணீர் நிற்கிறது; அவர் குழாயின் வாயை உற்றுப் பார்க்கிறார்; பையன் காலை எடுக்கிறான்; தண்ணீர் முகத்தில் பீறிடுகிறது. முக்கால் நிமிஷமே ஓடும் இப்படத்தில் கதைக்கலையின் அடிப்படை விதி ஒன்று முழுமையாக அமைந்திருக்கிறது: பாத்திரம் அறியாததைப் பார்வையாளர் அறிந்திருக்கிறார், அந்த அறிவின் ஏற்றத்தாழ்வே எதிர்பார்ப்பாக மாறுகிறது. ஓடும் பையனைத் தோட்டக்காரர் துரத்திப் பிடித்து, பிடித்த இடத்திலேயே தண்டிக்காமல் காமிராவுக்கு அருகில் இழுத்துவந்து தண்டிப்பதையும் கவனிக்க வேண்டும். கதையின் முடிவு பார்ப்பவர் கண்ணுக்கு நேரே நிகழ வேண்டும் என்ற அறிவு, சினிமா பிறந்த ஆண்டிலேயே அதற்கு வாய்த்துவிட்டது.

டி. டபிள்யூ. கிரிஃபித் 1908-இலிருந்து 1913 வரை பயோகிராஃப் கம்பெனிக்காக நானூற்றுக்கும் மேற்பட்ட சிறு படங்களை இயக்கினார். அவற்றுள் பெரும்பாலானவை ஒரே சுருளில் அடங்கியவை. 1909-இல் வெளிவந்த ‘தி லோன்லி வில்லா’வில், கொள்ளையர் புகுந்த வீட்டினுள் தவிக்கும் தாயையும் பெண்களையும், தொலைவிலிருந்து அவர்களை மீட்க விரையும் தந்தையையும் மாற்றி மாற்றிக் காட்டும் முறையை அவர் கையாண்டார். வாரத்துக்கு ஒன்றிரண்டாகப் படங்கள் வெளிவந்துகொண்டிருந்த அக்காலத்தில், ஒரு யுக்தி பலித்ததா இல்லையா என்பதை அடுத்தடுத்த படங்களிலேயே சோதித்துப் பார்க்க முடிந்தது. எத்தனை விநாடிக்கு ஒரு முறை காட்சி மாறினால் நெஞ்சு பதறும், எத்தனை முறை மாறினால் சலிக்கும் என்னும் நுட்பத்தை எந்தச் சித்தாந்தமும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. தொடர்ந்த பிரயோகமே சொல்லித்தந்தது.

சார்லி சாப்ளினின் பயிற்சிக் காலம் இதைவிடத் தெளிவான சான்று. 1914-இல் கீஸ்டோன் கம்பெனியில் ஓராண்டுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட படங்களில் தோன்றிய அவர், அவ்வாண்டிலேயே தாமே இயக்கவும் தொடங்கினார். 1916-17-இல் மியூச்சுவல் கம்பெனிக்காகப் பன்னிரண்டு இரட்டைச் சுருள் படங்களை எடுத்தார். அவற்றுள் ‘தி இமிக்ரண்ட்’ உருவான விதம் கதை கற்போர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. பிற்காலத்தில் ஆராயப்பட்ட, வெட்டி ஒதுக்கிய காட்சித் துண்டுகளிலிருந்து தெரியவருவது இது: அவர் முதலில் எடுத்தது உணவு விடுதிக் காட்சியைத்தான். கையில் காசில்லாத ஒருவன் விடுதியில் ஒரு பெண்ணைச் சந்திக்கிறான் என்பதோடு தொடங்கியவர், எடுத்துக்கொண்டே போகையில், இவ்விருவரும் யார், இதற்கு முன் எங்கே பழகினர் என்ற வினா எழ, அதற்கு விடையாகவே நாடு விட்டு நாடு செல்லும் ஏழைகளின் கப்பல் பயணத்தைப் பின்னர் எடுத்து முன்னே சேர்த்தார். கதையின் நடுப்பகுதி அதன் ஆரம்பத்தைத் தேடிக்கொண்டது. பேனாவும் தாளும் மட்டும் கொண்டு திட்டமிட்டிருந்தால் இந்தக் கண்டுபிடிப்பு அவருக்குக் கிட்டியிருக்குமா என்பது சந்தேகமே. இத்தனை சிறு படங்களுக்குப் பிறகுதான், 1921-இல், ‘தி கிட்’ என்னும் முதல் நெடும்படத்தை அவர் இயக்கி வெளியிட்டார்.

பயிற்சிக்கூடங்களின் அனுபவம்

சினிமாத் தொழில் வளர்ந்து, நெடும்படமே வியாபாரப் பொருளான பிறகு, குறும்படம் பெரும்பாலும் பள்ளிகளுக்கு உரியதாயிற்று. 1919-இல் மாஸ்கோவில் தோன்றிய அரசுத் திரைப்படப் பள்ளியில் லெவ் குலெஷவ் தம் மாணவர்களோடு நடத்திய சோதனைகள் பிலிம் பஞ்சத்தின் நடுவே நிகழ்ந்தவை. பிலிம் கிடைக்காதபோது காட்சிகளை மேடையில் நடித்துப் பார்த்தார்கள். கிடைத்தபோது பழைய படத் துண்டுகளை வெட்டி ஒட்டிப் பார்த்தார்கள். அவர் மாணவர் புடோவ்கின் விவரித்தபடி, உணர்ச்சி எதையும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை, ஒரு முறை சூப் கிண்ணத்தோடும், ஒரு முறை சவப்பெட்டியில் கிடக்கும் பெண்ணோடும், ஒரு முறை விளையாடும் குழந்தையோடும் இணைத்துக் காட்டியபோது, பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும், துயரத்தையும், மகிழ்ச்சியையும் கண்டார்கள். இரண்டு காட்சிகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தைப் பார்வையாளரின் மனமே நிரப்புகிறது என்னும் இந்த உண்மை, இன்று குறும்படம் தொகுக்க உட்காரும் எந்த மாணவனும் முதல் இரவிலேயே தானாகக் கண்டறியக்கூடியது.

போலந்தில் 1948-இல் நிறுவப்பட்ட லோட்ஸ் திரைப்படப் பள்ளியின் மாணவராக இருந்தபோது ரோமன் பொலான்ஸ்கி 1958-இல் எடுத்த பதினைந்து நிமிஷப் படத்தில், கடலிலிருந்து இருவர் ஓர் அலமாரியைச் சுமந்துகொண்டு கரையேறுகின்றனர். அலமாரியோடு டிராம் ஏற முடியவில்லை, விடுதியில் நுழைய முடியவில்லை, யாரோடும் ஒட்ட முடியவில்லை. இறுதியில் வந்த வழியே கடலுக்குள் திரும்பிவிடுகின்றனர். அந்த அலமாரி எதைக் குறிக்கிறது என்று ஒரு வார்த்தையும் சொல்லப்படவில்லை. ஆயினும், கண்ணுக்குத் தெரியும் ஒரு சுமையும், அது எதிர்கொள்ளும் தடைகளும் இருந்துவிட்டால், கதை தானே நடக்கும் என்பதை அப்படம் நிரூபிக்கிறது.

ஈரான் நாட்டில் சிறுவர் இளைஞர் அறிவு வளர்ச்சி நிறுவனத்தின் திரைப்படப் பிரிவில் அப்பாஸ் கியரோஸ்தமி 1970-இல் எடுத்த முதற்படம் ‘ரொட்டியும் சந்தும்’. ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் சிறுவனைச் சந்தில் ஒரு நாய் மறிக்கிறது. பெரியவர் ஒருவரின் பின்னே ஒட்டி நடந்து பார்க்கிறான். அவர் வேறு வழியில் திரும்பிவிடுகிறார். கடைசியில் ரொட்டியில் ஒரு துண்டைப் போடுகிறான். நாய் வாலாட்டிக்கொண்டு கூடவே வருகிறது. அவன் வீட்டுக் கதவு மூடியபின் அதே வாயிலில் படுத்துக்கொள்ளும் நாய், அடுத்து அவ்வழி வரும் வேறொரு சிறுவனைப் பார்த்துக் குரைக்கிறது. சிறுவனும் நாயும் ஒரே ஷாட்டில் சேர்ந்து வரவேண்டும் என்று இயக்குநர் வற்புறுத்தினார். தனித்தனியே எடுத்து ஒட்டிவிடலாம் என்பது அனுபவம் மிக்க ஒளிப்பதிவாளரின் கருத்து. பிற்காலத்தில் கியரோஸ்தமியின் நெடும்படங்களின் தனித்தன்மையாக உலகம் போற்றிய பொறுமை, பத்துப் பன்னிரண்டு நிமிஷப் படத்தில் நேர்ந்த இந்த வாக்குவாதத்திலேயே வேர்கொண்டிருந்தது.

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு பூனாவில் பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் தொடங்கப்பட்ட திரைப்படக் கல்லூரி, இன்றளவும் மாணவர் குறும்படங்களைப் பயிற்சியின் பிரதான அங்கமாகக் கொண்டிருக்கிறது. பாயல் கபாடியா அங்கு மாணவியாக இருந்தபோது எடுத்த ‘ஆஃப்டர்நூன் கிளவுட்ஸ்’ 2017-இல் கான் விழாவின் மாணவர் பிரிவில் இடம்பெற்றது. ஏழாண்டுகள் கழித்து, 2024-இல், அவரது நெடும்படம் அதே விழாவின் கிராண்ட் பிரீ பரிசைப் பெற்றது. அவ்வாண்டிலேயே மாணவர் பிரிவில் முதற்பரிசு பெற்ற சிதானந்த நாயக்கின் கன்னடக் குறும்படம், ஓராண்டுத் தொலைக்காட்சிப் படிப்பின் இறுதிப் பயிற்சியாக எடுக்கப்பட்டது. கிழவி ஒருத்தி ஊர்ச் சேவலைத் திருடிவிட, பொழுதே விடியாமற்போகிறது என்பது அதன் கதை. பாட்டிமார் சொல்லும் கிராமத்துக் கதையொன்றே உலக அரங்கில் நிற்கப் போதுமானதாக இருந்தது என்பதை, பிறநாட்டுப் படங்களைப் பார்த்து அவற்றின் சாயலில் கதை தேடும் நம் இளைஞர்கள் சிந்திக்க வேண்டும்.

ஒரு படத்தைக் கூர்ந்து நோக்கினால்

சத்யஜித் ராய் 1964-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுத்த ‘டூ’ என்னும் படம் ஏறத்தாழக் கால்மணி நேரம் ஓடுவது; வசனமே இல்லாதது. அப்போது அவர் ‘பதேர் பாஞ்சாலி’ முதலிய பெரும்படங்களை முடித்துப் புகழ் பெற்றிருந்தார் எனினும், கதை சொல்லக் கற்பவனுக்கு அவருடைய படைப்புகளில் இதனைவிட ஏற்ற பாடபுத்தகம் இல்லை.

செல்வர் வீட்டுச் சிறுவன் ஒருவன், விலையுயர்ந்த விளையாட்டுச் சாமான்களின் நடுவே, பெரிய வீட்டில் தனித்திருக்கிறான். வெளியிலிருந்து புல்லாங்குழல் ஓசை கேட்கிறது. ஜன்னல் வழியே பார்த்தால், குடிசை ஓரத்தில் ஓர் ஏழைச் சிறுவன் குழல் ஊதிக்கொண்டிருக்கிறான். இவன் தன் ஊதுகுழலை எடுத்துவந்து உரக்க ஊதுகிறான். அவன் குடிசைக்குள் ஓடி ஒரு சிறு மேளத்தோடு வருகிறான். இவன் சாவி கொடுத்தால் மேளம் கொட்டும் குரங்குப் பொம்மையைக் காட்டுகிறான். அவன் முகமூடி அணிந்து வில்லும் அம்புமாகக் குதிக்கிறான்; இவன் அதனினும் பகட்டான வேஷங்களைப் போட்டுக் காட்டுகிறான். தோற்றவன் திரும்பிப் போய், சிறிது நேரம் கழித்து ஆகாயத்தில் ஒரு பட்டத்தை ஏற்றுகிறான். அதற்கு ஈடான பொம்மை இவனிடம் இல்லை. கவண் எடுத்து எறிகிறான், படவில்லை, காற்றுத் துப்பாக்கியால் சுட்டுப் பட்டத்தை வீழ்த்துகிறான். வெற்றி பெற்றவன் தன் பொம்மைகளை எல்லாம் ஒருசேர முடுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கையில், அவற்றின் இரைச்சலையும் ஊடுருவிக்கொண்டு மீண்டும் அந்தக் குழலோசை வருகிறது. அவனது இயந்திரப் பொம்மை தானே நடந்துசென்று, அவன் அடுக்கிவைத்த கோபுரத்தைத் தள்ளிவிடுகிறது.

இப்படத்தில் கற்பதற்குரியவை மூன்று. முதலாவது, படிக்குமேல் படியாக ஏறும் அமைப்பு: குழலுக்கு ஊதுகுழல், மேளத்துக்குக் குரங்கு, வில்லுக்கு வேஷம் என்று ஏறிக்கொண்டே வந்து, பட்டம் ஏறும் இடத்தில் விதி மாறுகிறது, போட்டி பகையாகிறது. இரண்டாவது, காமிரா நிற்கும் இடம்: படத்தின் பெரும்பகுதியில் நாம் மாடியிலிருந்து கீழே பார்க்கிறோம், அந்த உயரமே இருவருக்கும் இடையேயுள்ள சமுதாய உயரமாகிறது. பட்டம் ஒன்றுதான் அந்த ஜன்னலைவிட உயரே போகிறது. ஆகவேதான் அது சுடப்படுகிறது. மூன்றாவது, முடிவு: ஏழைச் சிறுவன் வென்றான் என்றோ, செல்வச் சிறுவன் திருந்தினான் என்றோ கூறாமல், ஓர் ஓசையைத் திரும்பக் கேட்கச் செய்து ராய் நிறுத்திக்கொள்கிறார். அந்த ஓசைக்கு முதலில் இருந்த பொருள் வேறு, இப்போது அது பெற்றுவிட்ட பொருள் வேறு. பொருள் இவ்வாறு மாறுவதே கதை என்பதை இப்படத்தைக் காட்டிலும் எளிமையாக எடுத்துரைப்பது அரிது.

நான்கு நிலைகள்

கற்பவன் ஒருவன் குறும்படம் எடுக்கையில் எழுதுதல், படமாக்குதல், தொகுத்தல், பிறருக்குக் காட்டுதல் என்னும் நான்கு நிலைகளைக் கடக்கிறான். ஒவ்வொரு நிலையும் அவனுக்கு ஒரு பாடத்தைப் போதிக்கிறது. இதனை விளக்க மிகச் சாதாரணமான கதையொன்றை எடுத்துக்கொள்வோம்: மகனின் பரீட்சைக் கட்டணத்துக்காகத் தாய் ஒருத்தி அவனுக்குத் தெரியாமல் தன் வளையல்களை அடகு வைத்துவிடுகிறாள், மகன் அதை உணர்ந்துகொள்கிறான்.

சிறுகதை ஆசிரியர் இதை ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டு மேலே செல்லலாம். திரைக்கதை எழுதுபவனுக்கோ முதல் வரியிலேயே இடர்ப்பாடு தொடங்குகிறது. ‘தெரியாமல்’ என்பதை எப்படிக் காட்டுவது? ‘உணர்ந்துகொண்டான்’ என்பதற்கு எந்தச் செயல்? ‘அம்மா, வளையல் எங்கே?’ என்று மகனைக் கேட்க வைப்பதுதான் முதலில் தோன்றும் வழி. அதுவே மிகவும் பலவீனமான வழி. சற்று யோசித்தால், அவள் பாத்திரம் துலக்கும்போதெல்லாம் வளையல்கள் குலுங்கும் ஓசை அவ்வீட்டின் அன்றாட ஓசையாக இருந்திருக்கும் என்பது புலப்படும். முன்பொரு நாள் அந்த ஓசையோடு மகன் கூடத்தில் படித்துக்கொண்டிருக்கிறான். கட்டணம் கட்டிய மறுநாள் பாத்திரங்களின் ஓசை மட்டும் வருகிறது. அவன் புத்தகத்திலிருந்து தலை நிமிர்கிறான். தாய் முந்தானையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொள்கிறாள். எண்ணத்தைச் செயலாகவும் ஓசையாகவும் மாற்றும் இந்தச் சாதகமே எழுதும் நிலை தரும் கல்வி.

படமாக்கச் சென்றதும் அடுத்த பாடம் வருகிறது. காமிராவை அடுப்படியில் தாயின் அருகே வைத்தால் கதை தாயினுடையதாகிறது. நாம் அவளோடு சேர்ந்து இரகசியத்தைக் காக்கிறோம். கூடத்தில் மகனருகே வைத்தால் கதை மகனுடையதாகிறது. நாம் அவனோடு சேர்ந்து அதைக் கண்டுபிடிக்கிறோம். இது யாருடைய கதை என்ற, இலக்கிய விமரிசகர்கள் பல பக்கங்களில் விவாதிக்கும் பிரச்சினை, முக்காலியை எங்கே ஊன்றுவது என்ற நடைமுறைக் கேள்வியாகி, உடனே விடை கேட்கிறது. இதனோடு, மின்விசிறியின் இரைச்சலில் வளையலோசை பதியவில்லை, அடுப்படியில் வெளிச்சம் போதவில்லை என்பன போன்ற தடைகளும் சேர்கின்றன. ஓசையைத் தனியே பதிந்துகொள்வதா, விசிறியை நிறுத்திவிட்டு எடுப்பதா என்று முடிவு செய்யும்போதெல்லாம், இக்கதைக்கு எது இன்றியமையாதது என்னும் கேள்விக்கே அவன் விடை கூறுகிறான்.

தொகுக்கும் நிலையில் அவன் கற்பது துறவு. அடகுக்கடைக் காட்சியொன்றை மிகுந்த சிரமப்பட்டு, கடைக்காரரிடம் மன்றாடி அனுமதி பெற்று, அழகாகவே எடுத்திருப்பான். தொகுக்கும்போதோ, அந்தக் காட்சி இருக்கும்வரை மகனின் கண்டுபிடிப்புக்குச் சுவை இல்லை என்பது தெரியவரும். ஏனெனில் பார்வையாளர் ஏற்கெனவே எல்லாவற்றையும் அறிந்துவிட்டனர். பட்ட பாட்டை நினைத்து வைத்துக்கொள்வதா, கதையை நினைத்து நீக்குவதா என்ற தர்மசங்கடத்தில் கதையின் பக்கம் நிற்கத் துணிந்தவனே கதைசொல்லி ஆகிறான். எழுத்தில் ஒரு பத்தியை அடிப்பதைவிட இது கடினமானது. ஆகவே கற்றுத்தருவதும் அதிகம்.

நான்காவதான காட்டும் நிலையே பலரால் புறக்கணிக்கப்படுவது; நாம் மிக முக்கியமாகக் கருதுவதும் அதுவே. நண்பர்களும் உறவினரும் பாராட்டுவார்கள். அப்பாராட்டில் கல்வி இல்லை. கதையை முன்பே அறியாத பத்துப் பேர் முன்னிலையில், எடுத்தவன் வாய் திறவாமல் ஒரு மூலையில் நின்று, திரையைப் பாராமல் அவர்கள் முகங்களைப் பார்க்க வேண்டும். முதற்காட்சியில் தாயின் முகத்தின் மீதே எல்லோர் கண்ணும் இருந்தது, வளையலை எவரும் கவனிக்கவில்லை, ஆகவே பின்னால் அது இல்லாமற்போனதையும் எவரும் உணரவில்லை என்பது அப்போதுதான் தெரியும். அருகில் நின்று விளக்கம் சொல்ல முடியாத நிலையில் தன் கதை தானே நிற்கிறதா விழுகிறதா என்று காண்பதே, படைப்பாளிக்குக் கிடைக்கும் முதலாவது உண்மையான பரீட்சை. கையின் மீது ஒரு குளோசப் சேர்த்தால் குறை தீரும். அதை மறுவாரமே எடுத்துச் சேர்க்கலாம். இந்தத் திருத்தம் இவ்வளவு விரைவாகக் கைகூடுவது குறும்படத்தில் மட்டுமே.

அமெரிக்காவில் 1986-இல் ஜான் லாசெட்டர் எடுத்த ‘லக்சோ ஜூனியர்’ என்னும் இரண்டு நிமிஷக் கணினிப் படத்தில் பாத்திரங்கள் இரண்டே மேஜை விளக்குகள். பெரியது ஒன்று, சிறியது ஒன்று. அத்துறை நிபுணர்களின் மாநாட்டில் அது திரையிடப்பட்டபின், ஜிம் பிளின் என்னும் விஞ்ஞானி அவரிடம் வந்தார். நிழல்களைக் கணக்கிட்ட முறையைத்தான் கேட்பார் என்று லாசெட்டர் எதிர்பார்த்திருக்க, அவர் கேட்டதோ, பெரிய விளக்கு தாயா தந்தையா என்பது. தொழில்நுட்பத்தில் ஊறிய நிபுணர் ஒருவரையும் அந்தக் கேள்வியைக் கேட்க வைத்த அக்கணத்தில், கதை வென்றுவிட்டது என்பதை லாசெட்டர் அறிந்தார். பார்வையாளர் கேட்கும் கேள்வியே படைப்பாளிக்குக் கிடைக்கும் மதிப்பெண்.

தமிழ் மரபும் தமிழகத்து அனுபவமும்

சுருங்கச் சொல்லிக் கதையை விளங்கவைக்கும் கலை தமிழுக்குப் புதிதன்று. குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிகளுக்குள் அடங்குபவை. அவற்றில் தலைவி, தோழி, செவிலி என்ற உறவு உண்டு. எவருக்கும் பெயர் இல்லை. கதையின் முற்பகுதியும் பிற்பகுதியும் சொல்லப்படுவதில்லை; ஒரு கணம் மட்டுமே நம்முன் வைக்கப்படுகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்து மரமும் பறவையும் தொழிலும் கருப்பொருள் என்றும், உணர்ச்சி உரிப்பொருள் என்றும் வகுத்த தொல்காப்பிய மரபு, எங்கே, எந்த வேளையில், எந்தப் பொருள்களைக் காட்டினால் எந்த உணர்ச்சி தோன்றும் என்று சிந்திக்கும் குறும்பட இயக்குநனுக்கு நேரடியாகவே பயன்படக்கூடியது. பிறமொழித் திரைக்கதை நூல்களைத் தேடிப் படிக்கும் நம் மாணவர்கள் இந்த இலக்கணத்தையும் ஒருமுறை அக்கண்ணோடு படித்துப் பார்ப்பது நலம்.

இலக்கியத்துக்கும் குறும்படத்துக்கும் தமிழில் வலிமையான பாலம் அமைத்தவர் பாலு மகேந்திரா. மட்டக்களப்புப் பகுதியில் பிறந்து, பூனாவில் ஒளிப்பதிவு பயின்று, தேர்ந்த இயக்குநராகிவிட்ட பிறகும், தொலைக்காட்சிக்காகத் தமிழ் எழுத்தாளர்களின் சிறுகதைகளை ‘கதை நேரம்’ என்னும் வரிசையில் அவர் வாரந்தோறும் படமாக்கினார். கூடம், திண்ணை, இரண்டு மூன்று பாத்திரங்கள், இயற்கை வெளிச்சம் என்ற எளிய சாதனங்களைக் கொண்டு எடுக்கப்பட்ட அவ்வரிசை, அச்சில் உள்ள கதை திரைக்கு மாறும்போது எதை இழக்கிறது, எதைப் பெறுகிறது என்பதற்கு நம் மொழியில் கிடைக்கும் மிகச் சிறந்த ஆய்வுப் பொருள். மூலக்கதையை முதலில் படித்து, பின் படத்தைப் பார்த்து, எங்கே மாறியது, ஏன் மாறியது என்று குறித்துக்கொள்ளும் மாணவன், ஒரு திரைப்படக் கல்லூரிப் பாடத்துக்கு ஒப்பான பயிற்சியைத் தன் வீட்டிலிருந்தே பெற்றுவிடுகிறான்.

அடுத்த பெருநிகழ்ச்சி, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலைஞர் தொலைக்காட்சியில் நடந்த ‘நாளைய இயக்குநர்’ போட்டி. வாரந்தோறும் புதியவர்களின் குறும்படங்கள் வீட்டுக்கு வீடு காட்டப்பட்டன. அனுபவமிக்க இயக்குநர்கள் அவற்றை நேருக்கு நேர் விமரிசித்தனர். கார்த்திக் சுப்புராஜின் ‘பீட்சா’ (2012), நலன் குமாரசாமியின் ‘சூது கவ்வும்’ (2013), ராம்குமாரின் ‘முண்டாசுப்பட்டி’ (2014) ஆகிய படங்கள் அதன் வழியே வந்தவர்களின் முதற்படைப்புகள். பெரிய இயக்குநர்களிடம் நெடுங்காலம் உதவியாளராக இருந்தாலன்றி வழியில்லை என்ற சம்பிரதாயம் அவ்வாண்டுகளில் தளர்ந்தது. குறித்த தேதிக்குள் முடித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம், வெளிப்படையான விமரிசனம், உடனே அடுத்த படம் என்ற மூன்றும் அங்கே ஒருங்கே அமைந்திருந்தன; கிரிஃபித்துக்கும் சாப்ளினுக்கும் நூறாண்டுகளுக்கு முன் வாய்த்த சூழ்நிலையும் இதுவே.

ஆட்சேபங்கள்

குறும்படக் கல்விக்கு எதிராகச் சொல்லப்படும் ஆட்சேபங்களில் நியாயமானவை சில உண்டு. முதலாவது, இறுதித் திருப்பத்தின் மோகம். பத்து நிமிஷப் படத்தை எளிதில் நினைவில் நிறுத்தும் வழி, கடைசி விநாடியில் எல்லாவற்றையும் தலைகீழாக்குவது. இதில் பழகிவிட்டவன் பாத்திரத்தை உருவாக்கக் கற்பதில்லை. தகவலை மறைக்கவே கற்கிறான். அம்புரோஸ் பியர்ஸின் கதையொன்றைத் தழுவி ராபர்ட் என்ரிகோ எடுத்த பிரெஞ்சுக் குறும்படமும் திருப்பத்தில் முடிவதுதான். ஆனால் தூக்குக் கயிற்றின் முன் நிற்கும் ஒருவனின் உயிராசை முழுவதையும் நாம் அனுபவித்த பிறகே அத்திருப்பம் வருவதால், அது நம்மை உலுக்குகிறது. உணர்ச்சியின் அஸ்திவாரமின்றி வரும் திருப்பம் ஒரு புதிருக்கு விடை மட்டுமே.

இரண்டாவது, உபதேச மோகம். சமுதாயத்துக்கு நல்லதைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் உயர்ந்தது. ஆயினும் படத்தின் முடிவில் எழுத்தால் நீதியை அறிவிக்கும் வழக்கம், கதை அதைச் சொல்லத் தவறிவிட்டது என்று ஒப்புக்கொள்வதாகும். மூன்றாவது, இசையின் மேல் சாய்ந்துகொள்வது. வருத்தமான காட்சிக்கு வருத்தமான வயலினைச் சேர்த்தால் பார்ப்பவர் கண் கலங்கக்கூடும். அக்கண்ணீர் வயலினுக்கு உரியதே ஒழியக் கதைக்கு உரியதன்று. நான்காவது, குறும்படத்தைத் தயாரிப்பாளரைச் சந்திப்பதற்குரிய அறிமுகச் சீட்டாக மட்டும் கருதுவது. இம்மனோபாவத்தில் எடுப்பவன் தனக்குத் தெரிந்ததைக் காட்டவே முற்படுகிறான். தெரியாததைப் பயில அவனுக்குத் துணிவு வருவதில்லை.

இவை எல்லாவற்றினும் ஆழமானது ஐந்தாவது ஆட்சேபம்: குறும்படம் கற்றுத்தருவது நெடும்படத்துக்குப் போதுமா? போதாது என்பதே நேர்மையான விடை. ஒரு மனிதன் இரண்டரை மணி நேரத்தில் படிப்படியாக மாறுவதைக் காட்டுவதும், கிளைக்கதைகளை ஒன்றோடொன்று பின்னுவதும், இடைவேளைக்குப் பின்னும் ஆவலைத் தளரவிடாமல் காப்பதும் வேறு தரத்துச் சாமர்த்தியங்கள். வெற்றி பெற்ற குறும்படத்தை நீட்டி நெடும்படமாக்குகையில், மையக் கருத்து அரைமணிக்குள் தீர்ந்துபோய், மீதி நேரம் தள்ளாடும் படங்களை நாம் கண்டிருக்கிறோம். கிணற்றில் நீந்தக் கற்றவன் ஆற்றின் இழுப்பை ஆற்றில் இறங்கித்தான் அறிய வேண்டும். எனினும் நீச்சலே அறியாமல் ஆற்றில் குதிப்பவனைவிட அவன் நிலை ஆயிரம் மடங்கு மேலானது. மேலும், சிறுகதை எவ்வாறு நாவலின் முன்னோட்டம் மட்டும் அன்றோ, அவ்வாறே குறும்படமும் தனக்கென ஒரு பூரணத்துவம் உடைய வடிவம். அதை ஏணிப்படியாக மட்டும் எண்ணி ஏறுபவன், அப்படியில் கற்கவேண்டியதைக் கல்லாமலே ஏறிவிடுகிறான்.

முடிவு

இதுகாறும் ஆராய்ந்தவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இது: குறும்படம் கதைசொல்லும் கலைக்கு இன்று எளியோர்க்கும் கிட்டக்கூடிய தலைசிறந்த பயிற்சி, ஆனால் எடுப்பதனால் மட்டுமே அப்பயன் விளைந்துவிடாது. முறையோடு எடுக்க வேண்டும். முதற்படத்தில் வசனமே வேண்டாம். பேச்சை விலக்கினால்தான் செயலில் சிந்திக்கும் பழக்கம் வரும். ஓர் இடம், இரண்டு பாத்திரம், ஒரு நாளுக்குள் நிகழும் சம்பவம் என்ற எல்லையை வகுத்துக்கொள்க. இரண்டாவது படத்துக்கு நல்ல தமிழ்ச் சிறுகதை ஒன்றை, உரிமை உடையவரிடம் அனுமதி கேட்டுப் பெற்று, எடுத்துக்கொள்க; பிறர் கட்டிய உறுதியான கட்டடத்துக்குள் நடமாடிப் பழகியவனுக்கே தான் கட்டுவதன் கோணல் தெரியும். பின்னணி இசையைக் கடைசியில், அதுவும் அது இன்றிப் படம் நிற்கிறது என்று உறுதியான பிறகே சேர்க்க. முடித்ததை அறிமுகமில்லாதவருக்குக் காட்டி, அவர்கள் முகத்தைப் படித்து, திருத்தி, அடுத்ததைத் தொடங்குக.

கல்வி நிலையங்களுக்கும் ஒரு கடமை உண்டு. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் காட்சித் தொடர்பியல் துறைகள் இயங்குகின்றன. நூலகங்கள் ஊர்தோறும் உள்ளன. மாதத்தில் ஒரு மாலையேனும் மாணவர்களின் குறும்படங்களைப் பொதுமக்கள் முன்னிலையில் திரையிட்டு, எடுத்தவர் மௌனமாக இருக்கப் பார்த்தவர் பேசும் ஒரு சபையை இவை நடத்துமானால், அதற்கு வேண்டுவது ஒரு வெள்ளைச் சுவரும் ஒரு புரொஜெக்டரும் ஐம்பது நாற்காலிகளுமே. கருவி எல்லோர் கையிலும் வந்துவிட்ட இந்நாளில், இளம் கதைசொல்லிக்குக் குறைவாக உள்ளது பார்வையாளர் சபை ஒன்றே. அதை அமைத்துக் கொடுப்பது ஆசிரியர்களும் நூலகர்களும் ஊர்ப் பெரியவர்களும் மனம் வைத்தால் இந்த ஆண்டிலேயே கைகூடும் காரியம்; மனம் வைக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.